வெள்ளைக் கழுத்துச் சிலிண்டர்

பத்து நிமிசத்துல எப்படிண்ணே முடியும்? கார் ஏசிக்குச் சும்மா கேஸ மட்டும் ஏத்தி விட்டா, திண்டுக்கல் போறதுக்குள்ள மறுபடி அனலடிக்கும். ஓட்டை எங்கன்னு கண்டுபிடிச்சு இந்தா, வாசரு மாத்தியாச்சு. இப்ப உள்ள கெடக்குற காத்தையும் ஈரத்தையும் இந்தப் பம்பு உறிஞ்சுது. அரைமணி ஓடணும். நிப்பாட்டுன பெறகு மீட்டர்ல முள்ளு ஏறாம நிக்கணும். அப்புறந்தேன் கேஸ். அதுவும் பானட்டுல ஒட்டியிருக்க சீட்டுல போட்ட எடைக்கு மேல ஒரு கிராம் ஏத்த மாட்டேன். உக்காருங்க.

இந்தக் கையுறையா? கேஸ் தெறிச்சா தோலு வெந்து போகும், கண்ணுல பட்டா பார்வையே போயிரும்ணே. முன்னாடி நானும் வெறுங்கைதேன். விளாங்குடியில எங்க பட்டறைதேன் வேகம்னு பேரு.

எங்க பட்டறைன்னா, நானும் எந்தங்கச்சி வீட்டுக்காரரு சோணையும். அந்தா, மாலை போட்ட படம். மூணு வருசமாச்சு.

சித்திரை வெயிலு. ஒழுகுதான்னு பாக்க நைட்ரஜன் விடணும்; சிலிண்டர் காலி. ஒங்கள மாதிரியே ஒருத்தரு வாச்சப் பாத்துக்கிட்டு நின்னாரு. பக்கத்து வெல்டிங் பட்டறையில ஆக்சிஜன் இருந்துச்சு. கறுப்பு ஒடம்பு, வெள்ளைக் கழுத்து. எல்லாம் காத்துதானன்னு மாட்டியாச்சு. கம்ப்ரசருக்குள்ள எண்ணெ இருக்கும்ணே. அழுத்தத்துல ஆக்சிஜன் அதோட சேந்தா தீக்குச்சியே வேணாம், தானா வெடிச்சிரும். சோணை குனிஞ்சு சோப்பு நொரை தடவிக்கிட்டு இருந்தாரு. முகத்த எந்தங்கச்சிக்குக் காட்டவே இல்ல. மூடியேதேன் கொண்டு போனோம்.

நானா? டீ குடிக்கப் போயிருந்தேன். ஸ்டேசன்லயும் அப்படித்தேன் எழுதிக் குடுத்தேன்.

அந்தா வாரா பாருங்க, தூக்குச்சட்டியோட. அவதேன் எந்தங்கச்சி பாண்டிமீனா. தெனமும் எனக்குச் சோறு கொண்டாருவா. நீ மட்டும் கூட இருந்திருந்தா அந்த அவசரக்கார மனுசனத் தடுத்திருப்பியேண்ணேன்னு சொல்லுவா. ஒரு நாள் தவறாது. நானும் தலையாட்டிக்கிட்டே திம்பேன்.

நீங்க இனிமே இந்தப் பக்கம் வரப்போற ஆளில்ல, அதேன் சொல்றேன். டீக்கெல்லாம் போகல. வேணாம் மச்சான், நைட்ரஜன் வரட்டும்னுதேன் சோணை சொன்னாரு. அந்தச் சிலிண்டர உருட்டியாந்து மாட்டுனதும் நாந்தேன், திருகித் தெறந்ததும் இந்தக் கைதேன்.

கிட்ட வந்துட்டா. நீங்க ஒண்ணும் கேட்டுக்கிராதீங்க.

வா தாயி. இன்னைக்கு என்ன கொழம்பு?