ஆறு மணிக்குள் ஒரு புத்தகம்

— ...அப்ப முதல் வரியிலேருந்தே மறுபடியும் படிக்கறேன், ஐயா. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, நவம்பர் பதினேழு, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இலேசான தூறல். திருநள்ளாறு சன்னதித் தெரு, வைத்தியலிங்கம் புத்தக நிலையம். காலை ஆறு மணி முதல் இந்நேரம் வரை வெளியூர் பக்தர் எவரும் புத்தகம் வாங்கவில்லை.’ சரிதானுங்களா?

— ‘இலேசான’ என்பதை அடித்துவிடுங்கள், நீலமேகம். தூறல் என்றாலே இலேசானதுதான்.

— அடிச்சுட்டேன். மத்தது?

— மற்றதில் குற்றம் இல்லை.

— அதானே. தூறலுக்கு வாதாடுவாங்க, கடை போறதுக்கு வாதாட மாட்டாங்க. காப்பி ஆறுது, குடிங்க தம்பி.

— லோகாம்பாள், நீ உன் வேலையைப் பார்.

— என் வேலை பொட்டலம் கட்டறது. யாராச்சும் வாங்கினாத்தானே கட்ட? காலையிலேருந்து நூல்கண்டை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— கமிட்டிச் செயலாளர் உன் காப்பிக்கு மயங்கிவிடுவார் என்று நினைக்கிறாயா?

— மயங்க மாட்டேங்கய்யா. ஆனா குடிப்பேன். விதிப்படி நான் காப்பி குடிக்கலாம், புத்தகம்தான் வாங்கக் கூடாது. நான் பட்டினச்சேரி, உள்ளூர்லதான் சேத்தி.

— காலையில் சின்னப்பிள்ளை வாங்கினாளே?

— அவங்க பக்கத்துத் தெரு. வாங்கினது கோடு போட்ட நோட்டு. கடைத்தெருக் கமிட்டி தீர்மானம் தெளிவா இருக்கு. வாங்கறவர் வெளியூர்க்காரரா இருக்கணும். வாங்கறது புத்தகமா இருக்கணும். அது இந்த வாசப்படியைத் தாண்டணும். ஆறு மணிக்குள்ள ஒன்னே ஒன்னு தாண்டிச்சுன்னா, இன்னும் மூணு வருசத்துக்குக் கடை உங்களுது. பையில ரெண்டு தாள் வெச்சிருக்கேன். ரெண்டுலயும் தலைவர் கையெழுத்துப் போட்டாச்சு. ஒன்னைக் குடுப்பேன், இன்னொன்னைக் கிழிப்பேன்.

— ஒன்று. பதினாயிரம் பேர் நடக்கும் தெருவில், ஒன்று.

— கிழமையைக் கேட்டு வாங்கினதும் நீங்கதான். செவ்வாய்க்கிழமை வெக்கலாமான்னு தலைவர் கேட்டாரு. ‘சனிக்கிழமை வையுங்கள், உங்கள் கண்ணும் குளிரட்டும்’னு சொன்னீங்க.

— கூட்டம் உள்ள நாளைத்தானே வியாபாரி கேட்பான்?

— என்ன கூட்டம்னு பாக்க வேண்டாமா, ஐயா? செவ்வாய்க்கிழமைன்னா காரைக்கால் பீச்சுக்கு வந்தவங்க, நாகூர் போறவங்க, ரெண்டு பேராச்சும் இந்தப் பக்கம் ஒதுங்கியிருப்பாங்க. சனிக்கிழமை வர்றவங்க எண்ணெய் தேய்ச்சுக் குளத்துல முழுகி, உடுத்தின துணியையே அங்க விட்டுட்டுப் போறவங்க. நள்ளாத்துலேருந்து ஒரு துரும்பைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போவ மாட்டாங்க. எடுத்தா சனீசுவரனும் கூடவே பஸ் ஏறிடுவாராம்.

— அந்த மூடநம்பிக்கை எனக்கு இல்லை.

— உங்களுக்கு இல்லீங்க. அவங்களுக்கு இருக்கு.

— கட்டின பொண்டாட்டி, என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நான் பொறந்த போலகத்துல ஆடு மேய்க்கற பயகூடச் சொல்லுவான்.

— உன்னை எதற்குக் கேட்க வேண்டும்?

— அதானே.

— சேக் பரீது பாய் முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாரு. முந்தி பாடப் புத்தகம் வித்தாரு, இப்ப நல்லெண்ணெய். கைலாசநாதன் கடையில அதே அலமாரிதான், கண்ணாடிகூட மாத்தலை. உள்ளே கறுப்புத் துணி அடுக்கியிருக்காரு. எண்ணெயும் துணியும் இங்கேயே செலவழிஞ்சு போற சரக்கு, யார் வீட்டுக்கும் போவாது. தெருவுல மூணு புத்தகக் கடை இருந்திச்சு. இப்ப நீங்க ஒருத்தர்தான்.

— பரீது விற்றவை புத்தகங்கள் அல்ல, கேள்வி-பதில். கைலாசநாதன் விற்றவை புத்தகங்களும் அல்ல, கேள்வி-பதிலும் அல்ல. அவர்களோடு என்னைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

— எண்ணலீங்க.

— பென்ஷன் நாளில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் வந்து இந்த வாசலில் வரிசையில் நிற்பார்கள். நான் பரீட்சித்துப் பார்த்துத்தான் அகராதி கொடுப்பேன்.

— பாதிப் பேருக்குக் குடுக்கவே மாட்டாங்க. அதையும் சொல்லுங்க.

— தகுதி இல்லாதவனுக்கு எதற்கு அகராதி?

— ஐயா, அதோ ஒருத்தரு படி ஏறுறாரு.

— மழைக்கு ஒதுங்குகிறார்.

— இல்லீங்க, உள்ளே எட்டிப் பாக்கறாரு. கேளுங்க, கேளுங்க.

— என்ன வேண்டும், ஐயா? ...என்ன? ...இல்லை. இங்கே எள்ளுப் பொட்டலம் கிடையாது.

— அப்படி முகத்துல அடிச்ச மாதிரி சொன்னா எப்புடி? எள்ளு வாங்க வந்தவரை ரெண்டு வார்த்தை பேசி உக்கார வெக்கலாம்ல?

— எள் கேட்டவனிடம் என்ன பேசுவது?

— அதானே. ‘புத்தக நிலையம்’னு வாசல்ல எழுதிருக்கே, படிக்கத் தெரியாதாம்பீங்க. அதைத்தானே எல்லாரையும் கேப்பீங்க.

— நீலமேகம், மணி ஐந்தாகிவிட்டது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. வேறு தொழில் தெரியாது, அதுகூடப் பெரிதல்ல. இந்த நான்கு சுவர் இல்லையென்றால் இந்த ஊரில் என்னை எவன் ‘ஐயா’ என்பான்?

— நான் சொல்லுவேங்கய்யா.

— ஏளனமா?

— இல்லீங்க. பழக்கம்.

— ஏனுங்க, உள்ளார வரலாமுங்களா? செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாரனுங்க.

— வாருங்கள், வாருங்கள். செருப்போடே வாருங்கள்.

— அட, இவங்க வாயிலேருந்து ‘வாருங்கள்’! தம்பி, இதை எழுதிக்கங்க.

— லோகாம்பாள்!

— நாங்க ஈரோட்டுப் பக்கமுங்க. டூரிஸ்ட் பஸ்ஸுல வந்தமுங்க. எம் பொண்ணுக்கு ஒரு கதைப் புஸ்தகம் வேணுமுங்க. பன்னெண்டு வயசு. காய்ச்சல்ல காலு விழுந்துபோயி ஆறு மாசமாப் படுக்கையில கெடக்குது. அதுக்கோசரந்தான் இந்தச் சாமிகிட்ட வந்ததுங்க. படிக்கறதுன்னா உசுருங்க அதுக்கு.

— எந்த வகுப்பு வரை படித்தாள்?

— ஏழுங்க. அதோ, அந்த ராசகுமாரி படம் போட்டதைக் குடுங்க.

— அது வேண்டாம். படம் பெரிது, நடை மட்டம். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அது இழுக்கு. பிழையில்லாமல் எழுதுவாளா அவள்?

— அது எனக்கென்னங்க தெரியும்? நான் தறி ஓட்டறவனுங்க.

— தெரிந்துகொள்ளாமலா புத்தகம் வாங்கக் கிளம்பினீர்?

— ஐயா. மணி அஞ்சே கால்.

— ...ஆம். மன்னிக்க வேண்டும். லோகாம்பாள், அந்தக் கடற்பயணக் கதை.

— மேல் தட்டு, எடது கோடி, பச்சை அட்டை, ஓரத்துல எலி கடிச்சது. இந்தாங்க.

— ஏனுங்கம்மா, அட்டையைத் திருப்பிக்கூடப் பாக்காம எடுக்கறீங்களே!

— முப்பது வருடப் பழக்கம். ஐயா, பிரித்துப் பாருங்கள். உள்ளே தீவு, புயல், சுறாமீன் எல்லாம் உண்டு. படுத்திருக்கும் பிள்ளை ஏழு கடல் சுற்றி வரலாம்.

— நல்லாருக்குதுங்க. இதையே குடுத்துருங்க. காசு இந்தாங்க. வெரசாக் கட்டுங்கம்மா, பஸ்காரன் ஆரன் அடிக்கறான்.

— கட்டிக்கிட்டேதான் இருக்கேன், நூல் சிக்கிக்கிச்சு. இங்கேருந்து நேரா வீட்டுக்குத்தானே போறீங்க?

— ஆமாங்க. வேற எங்கியும் நிக்கப்படாதுன்னு சொன்னாங்க.

— அதான் கேட்டேன். நேராப் போவணும், வெறுங்கையாப் போவணும்பாங்க. இதைக் கொண்டுபோயி அந்தப் பொண்ணு தலைமாட்டுலதானே வெப்பீங்க?

— லோகாம்பாள்!

— நான் ஒன்னும் சொல்லலைங்க. புள்ளை படுத்திருக்கற வீடாச்சேன்னு வாயில வந்துடுச்சு. எடுத்துட்டுப் போறதும் போவாததும் அவரு இஷ்டம்.

— ஐயா, அவள் பேச்சைக் கேட்காதீர்கள். சனி என்ன, இருநூறு பக்கத்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு ஈரோடு வரை வருவாரா?

— ஐயய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க! கோபுரம் தெரியற எடத்துல நின்னுக்கிட்டு இப்பிடிப் பேசறீங்களே! வேண்டாமுங்க. புஸ்தகம் இங்கியே இருக்கட்டுமுங்க.

— பாதி விலை போதும். ஐயா, நில்லுங்கள். படியை மட்டும் தாண்டுங்கள். கையில் வைத்துக்கொண்டு தாண்டிப் போய்க் குளத்தில் எறிந்துவிட்டுப் போங்கள்!

— புஸ்தகத்தைத் தண்ணியில எறியறதாவது! அது சரசுவதிங்க. காசு இருக்கட்டும், கோயில் வாசல்ல குடுத்ததைத் திருப்பி வாங்கப்படாது. வாரனுங்க... இல்லை, வாரன்னு சொல்லப்படாதாம். போறனுங்க.

— ...காசு என் மேசைமேல் இருக்கிறது, நீலமேகம். பாருங்கள். விற்பனை நடந்துவிட்டது. எழுதுங்கள்.

— காசு வந்துடுச்சு, புத்தகம் போவலை. ‘மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். ஒருவர் விலை கொடுத்தார், பொருளை ஏற்கவில்லை.’ ‘ஏற்கவில்லை’ன்னு போடறதா, ‘எடுத்துச் செல்லவில்லை’ன்னு போடறதா?

— ‘எடுத்துச் செல்லவில்லை.’ அதுதான் நடந்தது.

— நன்றிங்க.

— ஏன் செய்தாய், லோகாம்பாள்?

— என்ன செஞ்சேன்?

— நாள் முழுவதற்கும் வந்த ஒரே ஆளை வெறுங்கையாக அனுப்பினாயே!

— முப்பது வருசமா இந்த மேசைக்கு வந்தவங்கள்ல எத்தனை பேரை நீங்க வெறுங்கையா அனுப்பினீங்க? நான் ஒருத்தரை அனுப்பினேன்.

— நான் அனுப்பியவர்கள் தகுதி இல்லாதவர்கள்.

— அதுல நானும் ஒருத்தன், ஐயா.

— நீங்களா?

— எனக்கும் அப்பப் பன்னெண்டு வயசுதான். நட்சத்திரம் பத்தின புத்தகம் கேட்டு வந்தேன், வலைக்குப் போற எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும்னு. ‘உன் கையை மோந்து பார்’னீங்க. மோந்து பாத்தேன். ‘மீன் நாற்றம் போன பிறகு வா’ன்னீங்க.

— நினைவில்லை.

— இருக்காதுங்க. மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தேன். மூணாந்தடவை நீங்க மத்தியானத் தூக்கத்துல இருந்தீங்க. இந்த அம்மாதான் அந்தப் புத்தகத்தை எடுத்து வெச்சாங்க. படிக்கட்டுல ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். நீங்க கனைக்கற சத்தம் கேட்டதும் நான் ஓடிட்டேன்.

— அப்படியானால் இது பழி.

— பழி வாங்கறவனா இருந்தா போன கூட்டத்துலயே கடையைப் பிடுங்கக் கையைத் தூக்கியிருப்பேன். ‘அவருக்கு ஒரு நாள் குடுத்துப் பாப்போம்’னு எழுந்து சொன்னவனே நான்தான். கிழமையைக் கெடுத்துக்கிட்டது நீங்க.

— இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. யாராவது வருவார்கள்.

— வரட்டுங்க. நானும் உக்காந்திருக்கேன்.

— நான் வாசலில் நின்று கூப்பிடப் போகிறேன்.

— நீங்களா? கூவியா விக்கப் போறீங்க?

— ஐயா! அம்மா! இங்கே வாருங்கள்! நல்ல புத்தகங்கள்! பரீட்சை கிடையாது! எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்! அம்மா, ராசகுமாரி கதை இருக்கிறது, பெரிய படம்!

— தம்பி, பாருங்க. ஒதுங்கிப் போறாங்க. பைத்தியம்னு நெனைச்சுக்கிட்டாங்க.

— கொஞ்சம் சும்மா இருங்கம்மா.

— நான் சும்மாத்தான் இருக்கேன். முப்பது வருசமா வேற என்ன இருந்தேன்?

— ஐயா, உள்ளே வாங்க. நனையறீங்க. கோயில் மணி அடிச்சாச்சு.

— என் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.

— இருக்கட்டுங்க. ரெண்டு நிமிசமும் உக்காந்திருப்போம்.

— இப்போது என் கடிகாரத்திலும் ஆறு.

— ஆச்சு. ‘மாலை ஆறு மணி. மழை வலுத்தது. விற்பனை இல்லை.’ இந்தத் தாளைக் கிழிக்கறேன். நீங்களே பாத்துக்கங்க, புதுப்பிச்சு எழுதினது இதுதான்.

— பார்த்தேன். மற்றதைக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுகிறேன்.

— நீங்க போட வேண்டியதில்லீங்கய்யா. இந்தத் தாள் உங்க பேருக்கு இல்லை.

— வெளியேற்றும் உத்தரவு என் பெயருக்கு வராமல் யார் பெயருக்கு வரும்?

— இது வெளியேத்தற உத்தரவு இல்லை. இந்தக் கடையைப் புதுசா ஒருத்தருக்கு ஒதுக்கற உத்தரவு. நல்லெண்ணெய், எள்ளு, கறுப்புத் துணி. அடுத்த மாசம் சனிப்பெயர்ச்சிக்கு முன்னாடி தொறக்கணும்னு போட்டிருக்கு. மனு எழுதற முத்து முகம்மதுகிட்ட எழுதி வாங்கி, ஐப்பசி மாசமே மனு குடுத்துட்டாங்க.

— யார் கொடுத்தது? அந்தக் கைலாசநாதனா?

— இல்லீங்க. அம்மா, இந்தாங்க. வாங்கிக்கங்க.

— லோகாம்பாள்... நீயா? என்னிடம் கொடு. நான் படிக்கிறேன்.

— வேண்டாம், குத்தம் கண்டுபிடிப்பீங்க. தம்பி, நீங்க விரலை வெச்சுக் காட்டுங்க. இதுல என் பேரு எது?