நல்லமுத்துவுக்குப் படித்துக் காட்டிய கடிதம்

ஈரலை வாங்கிய அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், ஐயா. மறுநாளைக்கு வைத்தால் ருசி கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் கறிக்கடையில் முதல் ஆளாக நின்று வாங்கி வந்து, மதியத்துக்குள் மிளகு போட்டு வறுத்துவிடுவேன். என் புருஷனுக்கு ஈரல் பிடிக்காது. ஆனாலும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். டாக்டர் சொன்னதாக நினைத்துச் சாப்பிட்டார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் நாகலெட்சுமி. றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் படித்துக் காட்ட என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் காய்ச்சலில் போன பிறகு, தம்பி வீரய்யாவை நான்தான் வளர்த்தேன். எனக்கும் அவனுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஆனால் அவனுக்குச் சோறு போட்டது, அடித்தது, எண்ணெய் தேய்த்துவிட்டது எல்லாம் நான்தான்.

ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் முதலாளியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்குக் குத்துச்சண்டை என்றால் பைத்தியம். கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து இளவட்டங்களைப் பழக்கினார். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தேறியது இரண்டு பேர். ஒருவன் என் தம்பி. இன்னொருவர் வட்டகொடைப் பக்கம் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நல்லமுத்து. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். எனக்கு அவர் புருஷனாவதற்கு முன்னால் நல்லமுத்துதான்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஹட்டனில் கார்னிவல் போட்டார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலகை மேடை கட்டி, நாலு பக்கமும் கயிறு இழுத்திருந்தார்கள். என் தம்பிக்கும் நல்லமுத்துவுக்கும் சண்டை. ஜெயிக்கிறவரைக் கண்டிக்கு அனுப்பி, அதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களோடு மோதவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். நான் கயிற்றை ஒட்டி நின்றேன். மூன்றாவது ரவுண்டில் வீரய்யா கையைத் தாழ்த்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் நல்லமுத்துவின் இடது கை அவன் தாடையில் இறங்கியது. அடுத்தது வலது கை. தம்பி மல்லாக்க விழுந்தான். மண்டை பலகையில் மோதிய சத்தம் ராட்டினத்தின் இரைச்சலையும் தாண்டி எனக்குக் கேட்டது.

நல்லமுத்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஜனங்கள் கத்தினார்கள். தம்பியின் வாயோரம் நுரை வந்ததைப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினார். அஞ்சு எண்ணுகிற நேரம் இருக்கும். அந்த அஞ்சு எண்ணுகிற நேரத்தை எட்டு வருஷம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொழுந்து எடுக்கும்போது பார்த்தேன், சோறு வடிக்கும்போது பார்த்தேன்.

வீரய்யா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கிறதுபோல வரும். அப்போது அவனுக்கு இருபது வயது.

நல்லமுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலேறி வந்தார். எங்கள் காம்பரா வாசலில் குந்திக்கொண்டு, “நாந்தானே இவன இப்புடி ஆக்கிட்டேன்” என்று அழுவார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். தம்பியின் இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, லயத்துக்கு முன்னால் அங்குமிங்கும் நடக்கப் பழக்கியது அவர்தான். இடது கையால் எழுத உட்கார வைத்ததும் அவர்தான். தனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்றாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் தம்பி என்னிடம் பேசியதைவிட அவரிடம் அதிகம் பேசினான். அவர் ஏதாவது சொன்னால் சிரிப்பான். தன்னைக் கெடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அவன் புத்தியும் அடிபட்டுப் போய்விட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்று வருஷம் கழித்து நல்லமுத்து என்னைக் கேட்டார். “புள்ள, ஒன்னையும் வீரய்யாவையும் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கிறேன். ஒனக்கு எம்மேல கோவம் இருக்குமே?”

“அதெல்லாம் என்னைக்கோ போயிருச்சு” என்றேன்.

கல்யாணத்தன்று என்னிடம் ஒரு திட்டமும் கிடையாது, ஐயா. பக்கத்திலே இருந்தால் ஒருநாள் வழி தெரியும் என்று மட்டும் தெரிந்திருந்தது. அவர் எங்கள் தோட்டத்திலேயே பேர் பதிந்து வந்துவிட்டார். நான் நல்ல பெண்சாதியாகவே இருந்தேன். லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதற்குள் அவர் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பதுளையில் ஜெயித்தார், கண்டியில் ஜெயித்தார், நுவரெலியா சீசனில் துரைமார் நாற்காலி போட்டுப் பார்த்த சண்டையில் இரண்டாவது ரவுண்டிலேயே முடித்தார். கொழும்புப் பத்திரிகையில் படம் வந்தது. “இவனுக்குப் பெரஜாவுரிமை இல்லண்டு மனுவத் திருப்பி அனுப்பிட்டாங்க. இவன் போய் இலங்கச் சாம்பியனாகப் போறான்” என்று இஸ்ஸதீன் முதலாளி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நடுவில் ஒருமுறை அவர் விட்டுவிடப் பார்த்தார். “போதும் நாகு. கையைத் தூக்கும்போதெல்லாம் வீரய்யா மொகந்தான் தெரியுது” என்றார். நான் விடவில்லை. “அவனுக்குக் கெடைக்காததயாவது நீங்க வாங்கிக் குடுங்க” என்றேன். மறுநாள் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னாலேயே எழுந்து மலைப்பாதையில் ஓடப் போய்விட்டார். அவரிடம் எதைக் கேட்க வேண்டுமானாலும் என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

போன வருஷக் கடைசியில் கண்டியில் ஒரு சண்டை. ஜெயித்தார், ஆனால் தலையில் நிறைய வாங்கினார். அதற்குப் பிறகு தலைவலி. கவ்வாத்துக் கத்தி கைநழுவி விழும். கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத் திரும்புவார். பட்டத்துக்கான சண்டைக்கு ஆறு வாரம் இருக்கும்போது முதலாளி பயந்துபோய்க் கண்டியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டச் சொன்னார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவரை உள்ளேயே படுக்க வைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். அவர் இங்கிலீஷில் சொல்ல, ஒரு தமிழ் நர்ஸ் எனக்குச் சொன்னாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. இனி ஒரு அடி விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து. குத்துச்சண்டை இத்தோடு சரி. ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும். நான் மறந்துவிடக் கூடாது என்று அதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. என் கையைப் பிடித்து, “கவலப்படாதீங்க அக்கா, வைத்தியம் பாத்தா பொழச்சுக்குவாரு” என்றாள். வீட்டில் சொல்லிவிட்டுத் துணிமணியோடு திரும்பி வருவதாக அவளிடம் சொன்னேன்.

ரயிலில் அவர் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். “படி புள்ள, என்னா எழுதியிருக்கு?”

நான் தாளைப் பிடித்துக்கொண்டு, எழுத்து மேல் விரலை ஓட்டிப் படித்தேன். “ரத்தம் கொறைவா இருக்கு. வாரம் ஒருதரம் ஈரல் சாப்பிடணும். நல்லாத் தூங்கணும். சண்டை போடத் தடை இல்ல.”

அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். “நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்றார். எனக்கு அப்போது மனசு மிகவும் அமைதியாக இருந்தது. இத்தனை வருஷம் தேடிய வழி மடியில் கிடந்தது.

ஹட்டனில் இறங்கியதும் கடைக்குப் போனோம். “டாக்டர் என்ன சொன்னார் தங்கச்சி?” என்று முதலாளி கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் தாளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அந்த ஆறு வாரமும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஈரல், முட்டை, பால். தலை வலிக்கிறது என்றால் மாத்திரை கொடுத்து நெற்றியைப் பிடித்துவிடுவேன். அவரைப் பட்டினி போட்டேன், விஷம் வைத்தேன் என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை.

கொழும்புக்கு முதலாளியோடு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். வீரய்யா புதுச் சட்டை போட்டிருந்தான். சாயங்காலம் மேடைக்குப் போவதற்கு முன்னால், முதலாளி வெளியே போயிருந்த நேரம், நல்லமுத்து என் கையைப் பிடித்தார். “நாகு, ஒன்னப் பாத்தா ரெண்டு ரெண்டாத் தெரியுது. முதலாளிகிட்டச் சொல்லிடவா?”

சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்குத் தெரியும், ஐயா. தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

“வீரய்யா பாக்க வந்திருக்கான்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கையுறையை நீட்டினார். நான் கயிற்றைக் கட்டிவிட்டேன்.

ஆறு ரவுண்டு வரைக்கும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, “மச்சான்... மச்சான்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழாவது ரவுண்டில் காதோரம் ஒரு அடி விழுந்தது. அவ்வளவு பலமான அடி இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி, பிறகு முகம் குப்புறச் சாய்ந்தார். எதிரே நின்ற ஆள் கையைத் தூக்கினான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. சண்டையில் ஜெயித்தால் கையைத் தூக்கத்தானே செய்வார்கள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ரயிலில் கொண்டுவந்து, தப்பு அடித்துத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். மூன்று தோட்டத்து ஜனம் வந்தது. இஸ்ஸதீன் முதலாளி மண்ணிலே உட்கார்ந்து, “நாந்தான் கொன்னுட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரை நான்தான் சமாதானப்படுத்தினேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு, தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் பதினாறு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கு விஷயம் தெரிந்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

“மச்சானுக்கு... இதப் படிச்சுக் காட்டுனது யாரு?”

“நாந்தான்.”

“என்னான்னு... படிச்ச?”

சொன்னேன். “ஒனக்காகத்தான் தம்பி. எட்டு வருஷமா ஒனக்காகத்தான்” என்றும் சொன்னேன்.

அவன் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். நல்லமுத்து துணைக்கு இல்லாமல் லயத்தைத் தாண்டிப் போகாதவன், ஐயா. றொசல்ல ஸ்டேஷன் இறக்கத்தில் இரண்டு தடவை விழுந்தான். நான் பின்னாலேயே போய்த் தூக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டான். அதே ரயிலில் நானும் ஏறி, அதே பெட்டியில் எதிரே உட்கார்ந்துதான் வந்தேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆமாம், உயிர் போகும் என்று தெரிந்தே அனுப்பினேன். நீங்கள் எழுதி வாசித்துக் காட்டியதெல்லாம் சரி. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் தம்பி கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்று இருக்கிறதே, அது வேண்டாம். கார்னிவலுக்கு இரண்டு நாள் முன்னால் தான் மலையில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டதாகவும், அன்றைக்குக் காலையில் வாந்தி எடுத்ததாகவும், சண்டைக்குப் போகவில்லை என்று என் காலைப் பிடித்துக் கெஞ்சியதாகவும், நான் அறைந்து இழுத்துக்கொண்டு போய் ரயிலேற்றியதாகவும், நல்லமுத்துவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது என்றும் சொல்லியிருக்கிறானாம்.

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள், ஐயா. மண்டையில் அடிபட்டவன், அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது.