ஒன்றாம் நம்பர் பெட்டி

சவுண்டு நன்றாக இருந்தால் சவுண்டுக்காரனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கரகரத்தால்தான் மொத்தக் கூட்டமும் பின்னால் திரும்பும். இருபத்திரண்டு வருடமாக என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, மேடம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. என் பெயர் மைக்கேல்ராஜ். எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

ஆனையூர் ஏஞ்சல்ஸ் குழுவை உண்டாக்கியவன் நான். பத்திரிகைகளில் தீப்தியின் பெயரைத்தான் போடுவார்கள், பரவாயில்லை. தீப்தி, சாருலதா, ஐரின் மூவரும் பள்ளி ஆண்டுவிழாவில் பாடியபோது மைக் வைக்கப் போனேன். இந்த மூன்று குரலும் சேர்ந்தால் ஊரைக் கட்டிப்போடலாம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். பதினொரு வருடம் ஆகிவிட்டது. ஒரு காலத்தில் எங்கள் வேன் மாட்டுத்தாவணியில் நின்றால் பூ மார்க்கெட்டில் பாதிப் பேர் செல்ஃபி எடுக்க வந்துவிடுவார்கள். அப்புறம் எல்லாம் இறங்குமுகம்தான். நகைக்கடைத் திறப்பு விழா, காதுகுத்து, கல்யாண ரிசப்ஷன். போன சித்திரையில் ஒரு கோயில் விழாவில் பட்டிமன்றத்துக்கு முன்னால் எங்களைப் போட்டார்கள். பாதிப் பாட்டில் ஒரு ஆள் எழுந்து, "பட்டிமன்றத்த எப்பப்பா ஆரம்பிப்பீக?" என்று கேட்டான். ஐரின் சிரித்துச் சமாளித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நிலைமையில்தான் டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு முடிந்த சாயங்காலம், ஒரு மணி நேரம் நேரலை. இதை விட்டால் வேறு வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் சவேரியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

ஒத்திகையன்று தீப்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. எனக்கு இதான் கடைசி ஷோ. சென்னையில ஒரு மியூசிக் டைரக்டரு தனியாப் பாடக் கூப்பிட்டிருக்காரு. அடுத்த வாரம் ரெக்கார்டிங்."

"அப்ப இவளுக ரெண்டு பேரும்?"

"சொல்லிட்டேண்ணே. சாரு அம்புட்டு அழுகை அழுதா. ஆனா போயிட்டு வாடின்னுட்டா."

"சரிம்மா, நல்லா இரு" என்றேன். கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தேன். தீப்தி போனால் குழு கிடையாது. அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டால் சென்னைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நாங்கள் அப்படிக் கைவிட மாட்டோம். பழைய பாட்டெல்லாம் ட்ராக்காக என்னிடம் இருக்கிறது. அவள் நடுவில் நின்று வாயசைத்தால் போதும். கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்னையில் யார் அப்படிப் பார்ப்பார்கள், சொல்லுங்கள்.

உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். மேடையில் பாடுகிறவர்கள் இரண்டு காதுக்குள்ளும் சின்னதாக ஒவ்வொன்று மாட்டியிருப்பார்கள். அவற்றின் வயர் இடுப்பில் இருக்கும் பெட்டிக்குப் போகும். நான் மிக்சரிலிருந்து அனுப்புவது அந்தப் பெட்டி வழியாக நேரே காதுக்குள் விழும். சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி மிக்சரில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடுப்பு உண்டு. ஆட்டத்தில் கழன்று விழாதபடி காதோடு சேர்த்து டேப் ஒட்டிவிடுவோம். அன்றைக்கும் மூன்று பேருக்கும் நான்தான் ஒட்டினேன். நன்றாக அழுத்தித்தான் ஒட்டினேன். பெட்டிகளையும் நானே மாட்டினேன். ஒன்றாம் நம்பர் தீப்திக்கு, இரண்டு சாருவுக்கு, மூன்று ஐரினுக்கு.

இரண்டாம் நம்பர் மூன்று மாதமாகவே கரகரத்தது. "எனக்கு என் குரலே கேக்க மாட்டேங்குதுண்ணே, ரிப்பேருக்குக் குடுங்க" என்று சாரு பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஓரத்தில் நிற்கிறவளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். முன்னால் நிற்கிறவளுக்கு நல்லதைக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான்.

கூட்டத்தைத் தாண்டிப் போய் மிக்சரில் உட்கார்ந்தேன். ஒன்றாம் நம்பருக்கான தடுப்பை எடுத்துவிட்டேன். நாலாவது பாட்டு எங்கள் பழைய ஹிட். ஜனங்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். அவ்வளவு கைதட்டலைக் கேட்டு ஆறு வருடமாகியிருந்தது. பல்லவி திரும்பி வரும் இடத்தில், கீச்சென்ற ஒற்றைச் சத்தத்தை ஒன்றாம் நம்பருக்கு மட்டும் அனுப்பினேன்.

தீப்தி அசையவில்லை. சிரித்த முகமாகப் பாடிக்கொண்டிருந்தாள். சத்தம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். அப்போதும் அவள் பாடினாள். முழுக்க ஏற்றி அப்படியே பிடித்திருந்தேன். ஓரத்தில் சாரு இரண்டு காதிலும் இருந்ததைப் பிய்த்துக்கொண்டு உட்கார்வதைப் பார்த்தேன். பகலெல்லாம் வெயிலில் நின்ற மயக்கம் என்று நினைத்தேன். டிவிக்காரர்கள் விளம்பரத்துக்குப் போனார்கள். நான் கையை எடுத்தேன்.

அவர்களின் கிரேன் கேமரா எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நேற்று ஸ்டேஷனில் நீங்கள் போட்டுக் காட்டியதில் இருப்பது என் கைதான். நான் மறுக்கவில்லை. மிஷின் கோளாறு என்று டிவிக்காரர்களிடம் சொன்னது பொய். தெரிந்தேதான் செய்தேன்.

சாருவுக்கு இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு காதுமே. அவளுடைய அப்பா சொக்கநாதன் பள்ளிக்கூட வாத்தியார். மகளிடம் பேச வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது.

தீப்தி சென்னைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் விழுந்தாள்.

"நாந்தேண்ணே காரணம். நீங்க அங்கிட்டுப் போனதுக்கப்புறம் பெட்டிய மாத்தி விட்டேன். நான்தான் போறேனே, இன்னைக்காச்சும் அவ குரலு அவளுக்கு நல்லாக் கேக்கட்டும்னு என்னோடத அவளுக்கு மாட்டுனேன். நான் குடுக்காம இருந்திருந்தா அவளுக்கு இப்பிடி ஆயிருக்குமாண்ணே?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்தேன். அழாதே என்று பலமுறை சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லவில்லை. மனதில் இல்லாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, மேடம்.