பதினொன்றரை மணி மூச்சு

— மனித குல சரித்திரத்துல இன்னிக்குப் பெரிய நாள், ஓட்வார். துருவக் கடலோட அடித்தரை மூச்சு விடுது. அதை முதல்ல கண்டுபிடிச்சவ இந்தத் தூரிட்.

— அது வந்து... கொஞ்சம் காலைத் தூக்குங்க புரொபசரம்மா. இந்தக் குழாய் ஒழுகுது.

— போயும் போயும் ஒரு என்ஜின்காரர் கிட்ட இதைச் சொல்றேன் பாருங்க! மீத்தேன், ஓட்வார், மீத்தேன்! கடலடியில இருந்து குமிழி குமிழியா வர்ற வாயு. நம்ம கப்பல் கொடிக்கம்பத்துல இருக்கற குழாய் காத்தை உறிஞ்சி என் மிஷினுக்கு அனுப்புது. தினம் பதினொன்றரைக்குக் கோடு எகிறுது. இருபது நிமிஷம். அப்புறம் அடங்கிடுது.

— அந்த நேரம் கீழ குமிழி கூடுதா?

— கூடல. அதுதான் மர்மமே.

— சனிக்கிழமை?

— ஒரு மணிக்கு எகிறுச்சு. நிலா இழுத்திருக்கும்.

— அது வந்து... சனிக்கிழமை பால்கஞ்சி. கூட்டம் நெரியுதுன்னு நீங்க ஒரு மணிக்குத்தான் சாப்பிடப் போனீங்க.

— நான் சாப்பிடறதுக்கும் சமுத்திரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? ரெண்டு மணிக்கு அமைச்சர் லைன்ல வர்றார். ட்ரொம்ஸோ யுனிவர்சிட்டியில பதினெட்டு வருஷமா என்னைக் குமிழிக்காரின்னு கூப்பிட்டுச் சிரிச்சவங்க அத்தனை பேரும் கேட்டுட்டு இருப்பாங்க.

— அமைச்சர்கிட்ட பேசாதீங்க.

— பொறாமையா?

— இன்னொரு தடவை அவங்க சிரிக்கக் கூடாது. எனக்குத் தாங்காது.

— உங்களுக்கு ஏன் தாங்காது?

— அந்தச் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கிட்டு நீங்க படி இறங்கறதைத் தினம் பார்ப்பேன். கைப்பிடியை ரெண்டு தடவை தட்டிட்டுத்தான் இறங்குவீங்க.

— பார்ப்பீங்களா? தினமுமா?

— தினமும். நீங்க இறங்கற வரைக்கும் வேற எந்த வேலையும் ஓடாது.

— ஓட்வார்... எனக்கு ஐம்பத்து மூணு வயசு. இப்படி யாரும் என்கிட்ட சொன்னதில்ல. எதுக்காகப் பார்க்கறீங்க? நேராச் சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

— அது வந்து... முதல் நாள் மேல்தளத்துல வாந்தி எடுத்தீங்களே, அது அலையால இல்ல. கக்கூஸ் தொட்டியில சேர்ற மீத்தேன் வாயுவை நான் தினம் ஒரு தடவை திறந்து விடணும். அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னீங்க. பாவமாப் போச்சு. அதுல இருந்து நீங்க சாப்பிடப் போன அப்புறம்தான் திறக்கறேன். அது வெளிய வர்ற குழாய் உங்க குழாய்க்கு நாலடி கீழ இருக்கு.