மூன்றாவது கை

– அது வேண்டாம் தம்பி, அந்த ஆட்டத்துல ஏலம் விடணும். ஏலத்துக்குக் கூட்டம் வேணும். ரெண்டு பேர் உக்காந்து ஏலம் விட்டா அது ஏலமா, வீட்டுச் சண்டையா?

– சரியாச் சொன்னீங்க மேடம். பெட்டிமேல 'ரெண்டுலேருந்து அஞ்சு பேர்'னு போட்டிருப்பான். உள்ளதைச் சொல்றேன், நம்பாதீங்க. நானும் என் தம்பியும் ஆடிப் பாத்தோம். நாலாவது சுத்துலயே அவன் கொட்டாவி விட ஆரம்பிச்சுட்டான்.

– அப்புறம் எதுக்கு இதை ரெண்டு பேர் அலமாரியில வெச்சிருக்கீங்க?

– போட்டிருக்கே மேடம், நான் என்ன பண்றது. நீங்க மொதல்ல உக்காருங்க. ஸ்டூல் இருக்கு. சார் பாருங்க, வந்த உடனே உக்காந்துட்டாரு.

– முப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பாத்தவன் தம்பி நான். குழிக்குள்ள நின்னு நின்னு முட்டி போயிடுச்சு. அவ உக்கார மாட்டா. பஸ் டிப்போல டைம் கீப்பர். நின்னுக்கிட்டே வண்டி அனுப்புற பழக்கம்.

– மணி பதினொண்ணு நாப்பது. பன்னெண்டு அஞ்சுக்கு நான் கிளம்பணும். பேச்சைக் கொறைச்சுட்டு அடுத்த பெட்டியை எடுங்க.

– ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க கிளம்பணும்மா உனக்கு?

– வேலை இருக்கு. நீங்க எடுங்க தம்பி.

– இது பாருங்க, மேடம். ஆளாளுக்கு ஒரு தீவு. மரம், கல்லு, ஆடுன்னு ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கணும்.

– மாத்திக்கிறதா? ரெண்டே பேர்னா நான் குடுக்குற ஆடு நேரா எதிராளி கைக்குத்தானே போகும். எந்தப் பைத்தியக்காரி குடுப்பா?

– அதேதான், அதேதான்! மூணாவது ஆள் ஒருத்தர் இருந்தாத்தான் பேரமே நடக்கும். எங்க கடைக்கு வர்றதுல பத்துல எட்டு பேருக்கு இது புரியாது மேடம்.

– அதாவது, மூணாவது ஆள் இருந்தா நல்லா இருக்கும்ங்கிறீங்க. கேட்டியாம்மா? கடைக்காரரே சொல்றாரு.

– எனக்கு ஒரே பேச்சு. ரெண்டு பேர். நடுவுல யாரும் வேண்டாம்.

– அட, விடும்மா. தம்பி, எங்க வீட்டுல ஒரு ரயில் ஆட்டம் இருக்கு. ஊருக்கு ஊரு தண்டவாளம் போடுறது. அதுல பாதி வண்டியைக் காணோம். அதே ஆட்டம் புதுசா ஒண்ணு குடுங்களேன். மூணு பேருக்கு அருமையா இருக்கும்.

– வீட்டுல எத்தனை பேர் சார்?

– ரெண்டு பேர்.

– அப்புறம் மூணு பேர் ஆட்டம் எதுக்கு?

– நல்லாக் கேளுங்க தம்பி. நான் கேட்டா இவருக்குக் காது கேக்காது.

– டம்மி வெச்சு ஆடுவோம். ஆள் இல்லாத கைன்னு ஒண்ணு தனியா வெச்சு அதுக்கும் சீட்டுப் போட்டு ஆடுறது இருக்கே, அது. உங்களுக்குத் தெரியாததா?

– தெரியும் சார். விதிப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பான். ஆள் பத்தலேன்னா அப்படி ஒப்பேத்திக்கலாம். உள்ளதைச் சொல்றேன், அது சாப்பாட்டு மேசையில காலி நாற்காலிக்கு இலை போடுற மாதிரி. ரெண்டு பேருக்குன்னே செஞ்ச ஆட்டம் எவ்வளவோ இருக்கு. இந்தாங்க, தோட்டம் போடுறது. பலகை சின்னது, காத்திருக்கவே வேண்டாம். நான் வெச்சா நீங்க, நீங்க வெச்சா நான்.

– இதை மேசை இல்லாம ஆடலாமா? மெத்தைமேல வெச்சா காய் சரியாம நிக்குமா?

– மெத்தையா? நம்ம வீட்டுல மேசை என்ன குத்தம் பண்ணுச்சு?

– உங்களைக் கேக்கல. தம்பியைக் கேட்டேன்.

– தட்டு ஒண்ணு கீழ வெச்சீங்கன்னா நிக்கும் மேடம். எடை கம்மி. பயணத்துக்குக்கூட எடுத்துட்டுப் போறாங்க.

– எவ்வளவு நேரம் ஆகும் ஒரு ஆட்டம்?

– இருபத்தஞ்சு நிமிஷம்.

– நல்லது. இடையில நிறுத்திட்டு, சாப்பிட்டுட்டு வந்து தொடரலாமா? தூக்கம் வந்தா தூங்கிட்டு?

– ஏம்மா, நாம எப்போ நடுவுல தூங்கினோம்? வேண்டாம் தம்பி, தோட்டம் எல்லாம் சரிப்படாது. எனக்குக் கண்ணு தெரியாது, காய் எல்லாம் பொடிப்பொடியா இருக்கு.

– போன வாரம் கொசுவத்திப் பொட்டி எழுத்தைக் கண்ணாடி இல்லாம படிச்சீங்க.

– அதாவது, அது வேற வெளிச்சம்.

– சார், இது வேணா பாருங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சி. வெள்ளம் வருது, சேந்து தடுக்கணும். சண்டையே வராது.

– வராதா? இவரு என் காயையும் சேத்து நகத்துவாரு. 'இங்க வையி, அங்க வையி'ன்னு மண்டைக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருப்பாரு. இருபத்தியெட்டு வருஷமா அதைத்தானே பண்றாரு.

– நான் என்ன பண்ணேன் இப்போ?

– உங்க சட்டைப் பையில போன் உறுமுது. மூணாவது தடவை.

– அது... கம்பெனி மெசேஜ். ஆபர் எதாவது இருக்கும்.

– எடுத்துப் பாருங்களேன்.

– அப்புறம் பாத்துக்கலாம். தம்பி, நீங்க அந்த ரயிலை எடுங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு உக்காந்தோம்னா டம்மியோட மூணு பேரும் அப்படிக் கலகலன்னு இருக்கும். எட்டு மாசமா அந்தப் பழக்கம். அதைப் போய் மாத்தணுமா?

– கலகலப்பா? கேளுங்க தம்பி, நியாயம் நீங்களே சொல்லுங்க. இவரு முறை வந்தா ஏழு செகண்ட். என் முறைக்கு ஒரு நிமிஷம். டம்மி முறை வந்தா பத்து நிமிஷம்! நான் சும்மா சொல்லல, கடிகாரம் பாத்து வெச்சிருக்கேன். 'விதி பாக்கணும்'னு போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிடுவாரு. நான் பலகையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். ரெண்டு பேர் இருக்குற வீட்டுல ஒருத்தி தனியா.

– பத்து நிமிஷமா சார்?

– பழைய போன் தம்பி. மெதுவாத் தொறக்கும்.

– அதோட விட்டுதா? அந்த டம்மி ஜெயிக்குது. எட்டு மாசத்துல பத்தொம்பது தடவை. நான் எட்டு. இவரு மூணு.

– டம்மியா? ஜெயிக்குதா?

– நல்ல சீட்டு வரும் தம்பி அதுக்கு. ராசி.

– இல்ல சார், இருங்க. எனக்குப் புரியல. டம்மி ஜெயிக்கவே முடியாதே. டம்மிக்கு யோசனையே கிடையாது. கட்டுல மேல இருக்குற சீட்டைத் திருப்பி, அதுல எந்த ஊரோ அங்க வண்டியை வெச்சுட்டு விட்டுடணும். அவ்வளவுதான் விதி. சும்மா நம்ம வழியை மறிக்கத்தான் அது. பால்கனிக்குப் போயி விதி பாக்க அதுல ஒண்ணுமே இல்லையே?

– அட, தம்பி, நீங்க வேற...

– பதினஞ்சு வருஷமா இதே கடை சார். உள்ளதைச் சொல்றேன், டம்மி ஜெயிச்சதா நான் கேள்விப்பட்டதே இல்ல. அந்தக் கையை நீங்களே யோசிச்சு ஆடுறீங்களா?

– சொல்லுங்க. தம்பி கேக்குறாரில்ல.

– ஆமா. நான்தான் யோசிச்சு ஆடுறேன். தப்பா?

– உங்க கை மூணு தடவை ஜெயிக்குது. நீங்க ஆடுற டம்மி கை பத்தொம்பது தடவை ஜெயிக்குது. அவ்வளவு அறிவை உங்க கைக்குக் கொஞ்சம் குடுத்திருக்கலாமே?

– இப்போ எதுக்கு அதெல்லாம் நோண்டுறே? கடையில வெச்சு?

– போன ஞாயிறு டம்மி பாதி ஆட்டத்துல நின்னு போச்சு. 'டம்மிக்கு இன்னைக்கு முடியல'ன்னீங்க. முடியலன்னா என்ன அர்த்தம்? சீட்டுக்கட்டுக்கு உடம்பு சரியில்லையா? ராத்திரி நீங்க சோறும் சாப்பிடல.



– மேடம், நான் வேணா உள்ள போயி வேற ஸ்டாக் பாத்துட்டு வரட்டுமா?

– நீங்க நில்லுங்க தம்பி. நீங்க போனா இவரும் எந்திரிச்சுப் போயிடுவாரு.

– சரி. சொல்லிடுறேன். சொன்னா நீ வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உடைக்கக் கூடாது.

– நான் எப்போ உடைச்சேன்?

– ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ரயில் ஆட்டம் போய்க்கிட்டு இருந்தப்போ. அவ ஒரு வண்டியைக் கையில வெச்சுக்கிட்டே 'அம்மா, வெள்ளிக்கிழமை பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்'னா. நீ பலகையோட தூக்கி வீசினே. வண்டி பாதி ஜன்னல் வழியாப் போச்சு. 'இந்த வாசலை மிதிக்காதே'ன்னே. அவளும் மிதிக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே திமிரு, நடுவுல கெடந்து சாகுறது நான்.

– விஷயத்துக்கு வாங்க.

– அவதான்.

– எது?

– டம்மி. டம்மி அவதான்! பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அவ யோசிச்சு, எங்க வெக்கணும்னு எழுதி அனுப்புவா. அதைத்தான் வந்து வெப்பேன். எட்டு மாசமா நம்ம கூட உக்காந்து ஆடிக்கிட்டு இருக்கிறது உன் பொண்ணு. போதுமா? திட்டு. நல்லாத் திட்டு.

– இதைச் சொல்ல எட்டு மாசமா?

– திட்டலையே?

– மூணாவது வாரமே எனக்குத் தெரியும். நீல வண்டியைக் கடைசி வரைக்கும் கையிலயே இறுக்கிப் பிடிச்சிருந்துட்டு, என் வழியை அடைக்கிறதுக்குன்னே கொண்டாந்து வெக்கிற ஆளு இந்த உலகத்துல ஒருத்திதான். நான் பெத்தது எனக்குத் தெரியாதா? கத்துக்குடுத்ததே நான்.

– தெரிஞ்சுமா சும்மா இருந்தே?

– வேற என்ன பண்றது? அவ வைக்கிற எடத்தைப் பாத்துப் பாத்துத்தான் வாரம் பூரா ஓட்டினேன். நல்லா ஆடினா நல்லா இருக்கான்னு அர்த்தம். கோணலா வெச்சா மனசு சரியில்ல. அவ்வளவுதான் எனக்குக் கெடச்ச சேதி. உங்களுக்கு போனாவது இருந்துச்சு.

– அய்யோ, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.

– நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.

– தண்ணி குடிக்கிறீங்களா சார்? இந்தாங்க.

– குடு தம்பி. ஏம்மா, இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லத்தான் வாயே வரல. அவளுக்கு இது அஞ்சாம் மாசம்.

– ம்.

– போன வாரம் கொஞ்சம் ரத்தம் பட்டுடுச்சு. எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பகல் பூரா தனியாப் படுத்துக் கெடக்கா. 'ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்காகத்தான்ப்பா ஆறு நாளும் தள்ளுறேன்'ங்கிறா. இப்போ போன் அடிச்சதும் அவதான். 'இன்னைக்கு எந்த ஆட்டம்'னுதான் கேட்டிருப்பா. நீ என்னடான்னா ரெண்டு பேருக்கு, ரெண்டு பேருக்குன்னு நிக்கிறே.

– மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரயிலையே கட்டிடுறேன். மூணு பேருக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல.

– வேண்டாம். அந்தத் தோட்டத்தையே கட்டுங்க. பையில அடங்குற மாதிரி.

– என்ன ஜென்மம்மா நீ? இவ்வளவு சொல்லியுமா? ரெண்டு பேர் ஆடுற பலகையில அவ எங்க உக்காருவா?

– அவ உக்காரக் கூடாதுன்னுதானே டாக்டர் சொல்லியிருக்காங்க. படுத்துக்கிட்டே கையை நீட்டினா எட்டணும். புதன்கிழமை நாலு பத்துக்கு மாப்பிள்ளை டிப்போவுக்கே வந்து எல்லாம் சொல்லிட்டாரு.

– என்ன சொன்னே? மாப்பிள்ளையா?

– பின்ன அவரை வேற என்னன்னு கூப்பிடுறது? மூணு மாசத்துக்கு லீவு எழுதிக் குடுத்தாச்சு, ஒண்ணு இருபது வண்டியில எனக்கு இடமும் போட்டாச்சு, அஞ்சு மணிக்கு அவ கட்டில் பக்கத்துல இருப்பேன். ரெண்டு பேருக்குன்னு இவ்வளவு நேரமா நான் கேட்டுக்கிட்டு இருக்கிறது எனக்கும் அவளுக்கும், உங்களை யாருங்க ஆட்டத்துல சேத்தது?