டக்கர் ஓடைப் பாலத்துக்கு ஓர் அவசரத் தீர்மானம்

இந்தக் காபி நன்றாகவே இருக்கிறது, சார்ஜென்ட் யமாடா. எங்கள் வாரியக் கூட்டங்களில் சாயங்காலம் போட்ட காபியைக் கூட்டம் முடிகிறவரை வைத்துக் குடிப்போம். அதோடு ஒப்பிட்டால் உங்கள் காவல் நிலையத்தில் ராஜ உபசாரம்தான்.

வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னது உங்களுக்கு வியப்பாக இருக்கிறது போலும். விளக்கம் சொல்வதுதான் என் உத்தியோகம். இங்குள்ள பூங்காக்களை நிர்வகிக்கும் பூங்கா மாவட்டம் என்ற அமைப்பின் திட்டப் பிரிவுக்கு நான் தலைவன். வளைகுடாவுக்குக் கிழக்கே இந்த மலைகளில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நாயோடு நடக்கிற பாதைகள் பெரும்பாலும் என் மேஜையில் வரைந்தவை.

எங்கள் முறையை நீங்கள் புரிந்துகொண்டால் மீதியும் புரியும். மக்கள் ஓட்டுப் போட்டு ஐந்து பேரை வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் வரைகிறோம். வரைந்ததை மக்கள் முன் வைக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் எழுந்து ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். அதற்கெல்லாம் எழுத்தில் பதில் தருகிறோம். பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு. பிறகு ஒப்பந்தப்புள்ளி. பிறகு ஒப்பந்தம் கிடைக்காத நிறுவனத்தின் மேல்முறையீடு. ஒரு கழிப்பறை கட்டி முடிப்பதற்குள் அதைக் கேட்டு மனுப் போட்ட குழந்தைக்குக் கல்யாணம் ஆகிவிடும். நான் குறை சொல்லவில்லை. இந்த முறையை நான் மதிக்கிறேன். இப்போதும் மதிக்கிறேன்.

டக்கர் ஓடையின் குறுக்கே ஒரு பழைய மரப்பாலம் இருந்தது. குறுகலானது. இரு பக்கமும் படிகள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் வண்டி நிறுத்துமிடத்தோடு நின்றுவிட வேண்டும். அக்கரையில் இருக்கிற, ரெட்வுட் என்கிற வானளாவிய செம்மரங்களின் காட்டை அவர்கள் புகைப்படத்தில்தான் பார்க்க முடியும். அந்த இடத்துக்கு ஓர் இரும்புப் பாலத்தை நான் வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்தவற்றில் அதுதான் அழகானது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

மிசஸ் வில்லா ஸ்டென்ரூட்டும் சொன்னார். உயர்நிலைப் பள்ளியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்குப் பாறைகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். முன்வரிசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். முறை வந்ததும் ஊசிகளை நாற்காலியில் வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நிற்பார்.

"பாலம் ரொம்ப அழகா இருக்கு, ஹாலிஸ். ஆனா அதுக்குக் கீழே இருக்கறது களிமண்ணு. மழை பெய்ஞ்சா நகரும். கொஞ்சம் மேலே போனா நல்ல பாறை இருக்கு. அங்க கட்டு."

அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடப் பேசமாட்டார். வாரிய உறுப்பினர்களில் இருவர் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, திட்டத்தை மறு ஆய்வுக்கு அனுப்புவார்கள். மண்ணைப் பற்றி அவர் சொன்னது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை மாற்றினால் எல்லா ஆய்வையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாறையிருக்கும் இடத்துக்குச் செங்குத்தான ஏற்றம் வேறு. சக்கர நாற்காலி ஏறாது.

மரப்பாலம் ஆபத்தானது என்று நானும் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். ஒரு கூட்டத்தில் வாரியத் தலைவர் ரென்குவிஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுவரைக்கும் அதுலேர்ந்து யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்ன அவசரம்? யாராவது விழுந்தா வந்து சொல்லுங்க, உடனே பண்ணிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மிசஸ் ஸ்டென்ரூட்டும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாரியம் சொல்வதைக் குறித்துக்கொள்வது என் வேலை.

போன குளிர்காலத்தில் அடித்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஓடை பெருகி, ஒரு முழு மரத்தை அடித்துக்கொண்டு வந்து பாலத்தின் நடுத்தூணில் மோதியது. எங்கள் ரேஞ்சர் டெல்ஃபினா ரோச்சா பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, சேறு படிந்த பூட்ஸோடு என் அறைக்கு வந்தாள்.

"மேலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது சார். கீழ போய்ப் பாத்தா தூண் சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு. ஒரு ஆளு நடுவுல போய் நின்னாக்கூடத் தாங்காது. ரெண்டு பக்கமும் தடுப்பு வெச்சிட்டேன். இடிச்சிடலாமா?"

"வாரியத்துக்குச் சொல்லணும். நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அன்று சாயங்காலம் மிசஸ் ஸ்டென்ரூட்டுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை காலை இடத்தை நேரில் பார்த்துப் பேசலாமா என்று கேட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்களைக் களத்துக்கு அழைத்துப் போவது நல்ல நடைமுறை. இளைய திட்ட அலுவலர்களுக்கு நான் அதைத்தான் சொல்லித் தருகிறேன். அவர் மிகவும் மகிழ்ந்தார். இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கத் தோன்றியதா என்றார்.

அவர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். இக்கரைத் தடுப்பைத் தூக்கிப் புதருக்குப் பின்னால் வைத்தேன். அது கனமானது. எனக்கு முதுகுவலி உண்டு. அக்கரைத் தடுப்பு பாதையின் வளைவுக்கு அப்பால் இருந்தது. இக்கரையிலிருந்து தெரியாது.

இருவரும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பேசிக்கொண்டே நடந்தோம். பாலத்தின் அருகே வந்ததும், நடுவில் நின்று பார்த்தால் களிமண் சரிவு முழுதும் தெரியும் என்றேன்.

"நீ வரலையா?"

"எனக்கு உயரம்னா தலை சுத்தும், மிசஸ் ஸ்டென்ரூட்."

"பாலம் கட்டற ஆளுக்கு? நல்லா இருக்குடா கதை," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கையில் ஊன்றுகோல். நடுவில் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து மண்ணைப் பார்த்தார். ஆசிரியர்கள் அப்படித்தான், பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பினார்.

எதிர்பார்த்ததைவிடச் சத்தம் குறைவாகவே இருந்தது.

பிறகு தடுப்பைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தேன். உதவிக்கு அழைத்தேன். நான் வருவதற்கு முன்பே அவர் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டார் என்று சொன்னேன். டெல்ஃபினாதான் முதலில் வந்தாள். பள்ளத்தில் இறங்கி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பயனில்லை என்று அவளுக்கும் தெரியும். அவளும் அவருடைய மாணவிதான்.

தடுப்பில் 'பாலம் மூடப்பட்டுள்ளது' என்று எழுதிய பக்கம் பாலத்தைப் பார்த்து இருந்தது என்று அவள் உங்களிடம் சொன்னாளாமே. பாதையில் வருகிறவர்கள் படிக்கத்தானே தடுப்பு, ஓடைக்கு எதற்கு அறிவிப்பு என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. என் வேலையில் இப்படிப்பட்ட கவனக்குறைவு வழக்கமில்லை. அதற்காக வருந்துகிறேன்.

உயிர்ச்சேதம் நேர்ந்தால் வாரியம் அவசரத் தீர்மானம் போடலாம். எங்கள் விதிகளில் அதற்கு இடமுண்டு. ஒப்பந்தப்புள்ளி கிடையாது. மறு ஆய்வு கிடையாது. மேல்முறையீடும் கிடையாது. அடுத்த வாரமே சிறப்புக் கூட்டம் கூடியது. ரென்குவிஸ்ட் முகம் வெளுத்திருந்தார். பொதுமக்களில் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியை யாரோ காலியாக விட்டிருந்தார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன. படங்கள் என்னிடம் தயாராக இருந்ததால் அடுத்த நாளே ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் குறித்த காலத்துக்குள் முடிந்த முதல் திட்டம் அதுதான் என்று நினைக்கிறேன்.

போன மாதம் திறந்தோம். வில்லா ஸ்டென்ரூட் பாலம் என்று பெயர். பெயர் சூட்டும் தீர்மானத்தை எழுதச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். நன்றாக வந்திருந்தது. சிலர் அழுதார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெண் அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை நடந்து வரும்போது நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. கேட்டதால் சொல்கிறேன். அவர்தான் அதிகம் பேசினார். வண்டி நிறுத்துமிடத்தில் அதே பெண்ணை அவர் அதற்கு முந்தைய வாரம் பார்த்திருந்தாராம். அவள் அப்பா மட்டும் அக்கரைக்குப் போய், அவளுக்காக ஒரு கைப்பிடி செம்மரச் சருகு பொறுக்கிக்கொண்டு வந்தாராம்.

"நான் பாறை பாறைன்னு அடம் பிடிச்சுக்கிட்டே இருந்தா, அந்தப் பொண்ணு சருகை மோந்து பாத்துக்கிட்டே கெழவி ஆயிடுவா, ஹாலிஸ். நீ சொன்ன எடத்துலேயே கட்டு. தூணை மட்டும் நல்லா ஆழமா எறக்கு. அடுத்த கூட்டத்துல நானே எழுந்து சரின்னு சொல்லிடறேன்."

ஆமாம், பாலத்தில் ஏறுவதற்கு முன்புதான் சொன்னார். எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று புரிகிறது, சார்ஜென்ட். ஆனால் எங்கள் நடைமுறையையும் பாருங்கள். அவர் சரி என்று சொன்னாலும், அதற்குப் பிறகு ஒப்பந்தப்புள்ளி, மேல்முறையீடு எல்லாம் பாக்கி இருந்தன. அதைவிட முக்கியம், அவர் சொன்னது வாய்மொழியாக, கூட்டத்துக்கு வெளியே. கூட்டத்தில் பதிவாகாத கருத்தை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.