வயிற்றுக்குப் பின்னால் ஒரு பொட்டு

தி.நகரிலிருந்து பெசன்ட் நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் ஏதோ மருத்துவக் கல்லூரியின் மியூசியத்தில் கண்ணாடிப் பாட்டில்களைத் துடைப்பவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அந்த வயித்துக்கு நான்தான்க்கா பொட்டு வெச்சேன்.”

“எந்த வயித்துக்குடி?”

“வெள்ளக்காரன் காலத்து வயிறு. புண்ணு வந்து ஓட்டையாயி, பாட்டில்ல மெதந்துகினு கீது. ஆயுத பூஜைக்கு எல்லா பாட்டிலுக்கும் வெச்சேன். முன்னாடி வெச்சா பசங்களுக்கு மறைக்குமேன்னு பின்னாடி வெச்சேன்.”

“அதுக்கு இன்னா இப்போ?”

“நேத்து பரிச்சை. பாட்டிலப் பாத்து இன்னா நோவுன்னு பசங்க சொல்லணும். ஓட்டை வழியா குங்குமம் செவப்பா தெரிஞ்சிகீது. மொத வந்த பொண்ணு, ரத்தம் கசியுது சார்னு சொல்லிச்சு. பரிச்சை வெக்க வந்த வெளியூர் டாக்டரு குனிஞ்சு பாத்தாரு. மூக்குக்கண்ணாடிய தொடச்சிக்கினு மறுபடி பாத்தாரு. கரெக்ட்டுன்னு மார்க் போட்டுட்டாரு.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீட் குலுங்கியது.

“நீ வாயத் தொறக்கலியா?”

“வேலை போய்ட்டா? நைசா துணிய எடுத்துக்கினு தொடைக்கப் போனேன். எங்க காலேஜ் டாக்டரு கைய காட்டி நிறுத்தி, காதோரமா சொன்னாரு: ‘இப்ப தொடைக்காதம்மா, இன்னும் பாதிப் பசங்க பாஸாகணும்.’”